பதினாலுக்குப் பதினாலு

மூன்று நாற்காலிக்குத்தான் சீட்டு கிடைத்தது.
நாங்கள் ஐந்து பேர்.
இன்னாசி எப்படியும் நின்றுதான் பார்ப்பான்,
பின்னால் இருப்பவர்கள் அவன் முதுகில்
கடலைத் தோலை எறிவார்கள்,
திரும்பாமலே "பொறுங்கப்பா" என்பான்.
ஜெனிட்டாவுக்கு ஒரு நாற்காலி முழுதாக வேண்டும்;
இரண்டு விரல் மடக்கி அவள் அடிக்கும் விசிலுக்கு
போன வருடம் நடுவரே ஆட்டத்தை நிறுத்திவிட்டார்.
மிச்சம் இரண்டில்
நான், நைனார், பூமிநாதன்,
ஆளுக்கு முக்கால் இடுப்பு.

கீழக்கரை, கடலோர மைதானம், ஆனி மாதம்.
இரவு பத்தரை ஆகியும் கச்சான் ஓயவில்லை.
இங்கே வாலிபாலில் ஏழாவது ஆள் காற்று.
ஏர்வாடிக்கு சர்வீஸ் போடுகிற பையன்
பகலில் ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறவன்.
பந்தைக் கடலைப் பார்த்து அடிப்பான்.
போச்சு என்று எல்லோரும் எழுந்த பிறகு
கச்சான் அதைக் காதைப் பிடித்து இழுத்துவந்து
கோட்டுக்குள் போடும்.

ஆட்டம் முடிந்தால் கச்சேரி.
மேடையில் கீபோர்டு தார்ப்பாய்க்குள் தூங்க,
ஜிகினா சட்டைப் பாடகர்
ஸ்பீக்கர் பெட்டிமேல் குந்தியிருந்து
எங்களைவிட அதிகமாகக் கத்திக்கொண்டிருந்தார்,
இருந்த குரலையெல்லாம் ஏர்வாடிக்கே செலவழித்து.

கடைசி செட். பதினாலுக்குப் பதினாலு.
பந்து மேலே போனது.
கரண்ட் போனது.

அந்தப் பந்து எங்கே விழுந்ததென்று
இன்றுவரை யாருக்கும் தெரியாது.
ஆயிரம் பேர் "ஓ" என்று கத்தி முடித்ததும்
எங்கள் தெரு ஆட்கள் மொத்தமும்
திரும்பியது பூமிநாதன் பக்கம்.
மின்வாரியத்தில் லைன்மேன்.
அன்று லீவு. வாயில் பாதி பஜ்ஜி.
"இது என் செக்‌ஷன் இல்லப்பா" என்றான்.
மீன் ஏலக்கூடத்துப் பக்கமிருந்து
கருகல் வாடை வந்தது.
மூக்கை ஒருமுறை உறிஞ்சினான்.
வேட்டியை மடித்துக் கட்டி, சப்-ஸ்டேஷனுக்குப் போன் போட்டபடி,
யாருடையதோ டிவிஎஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

இருட்டில் பேட் வாசிக்கும் பையனுக்குக் கை அரித்திருக்க வேண்டும்,
காலித் தண்ணீர்க் கேனைக் கவிழ்த்துப் போட்டான்.
பாடகர் மைக் இல்லாமல் எழுந்தார்.
முதல் மூன்று வரிசைக்குத்தான் கேட்டது.
என்ன பாட்டு, என்ன பாட்டு என்று
வரிசை வரிசையாகக் கேட்டுக் கேட்டுப் போய்
கடைசி வரிசைக்கு வேறு பாட்டாகச் சேர்ந்தது.
அவர்கள் அதைப் பாடினார்கள், சத்தமாக.
கேன் இரண்டுக்கும் பொதுவாக அடித்தது.

இருபத்திரண்டு நிமிடம்.
வெளிச்சம் வந்ததும் "பூமி! பூமி!" என்று கூச்சல்.
ஊதினார்கள். இரண்டே பாயிண்ட்.
ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

டிரான்ஸ்பார்மர் பெட்டியைப் பூட்டி,
கடலில் கை கழுவி,
முழங்கை வரை கறுப்போடு அவன் வந்தான்.
"யாரு?"
"ஏர்வாடி."
"எப்படி?"

நெட்டின் உச்சியில் பந்து உட்கார்ந்து
கொஞ்சம் யோசித்துவிட்டு
அந்தப் பக்கம் விழுந்தது என்றான் இன்னாசி.
கோட்டுச் சுண்ணாம்பு பறந்ததை
இந்தக் கண்ணால் பார்த்தேன் என்றாள் ஜெனிட்டா.
எதிரணிக் கேப்டன் விரலில் பட்டு வெளியே போனது,
விரலை உதறினானே, கவனிக்கலையா என்றான் நைனார்.
என்னைப் பார்த்தான்.
"காத்துடா" என்றேன் நான்.
அது எந்த ஆட்டத்துக்கும் பொருந்தும்.

கச்சேரி தொடங்கியது.
பாடகருக்குக் குரல் கட்டியிருந்தது.
ஜெனிட்டா எழுந்து தன் முழு நாற்காலியை
பூமிநாதனுக்குக் கொடுத்தாள்.
அவன் மேடையைப் பார்க்கவில்லை.
கம்பத்தில் எட்டு விளக்கில்
எரியாத ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு மணிக்கு பைக்கில் திரும்பும்போது
என் தோளில் தாடையை வைத்துக் கேட்டான்:
"கோட்டுல விழுந்துச்சா, நெட்டுல விழுந்துச்சா,
நெசத்தச் சொல்லுடா."

அந்த ஒன்றரை நிமிடமும்
ஏலக்கூடத்துக்கு மேலே அசைந்துகொண்டிருந்த
டார்ச்சைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தேன்.
கச்சான் ஒரு பிடி மணலை
உள்ளே போட்டது.